கயிறு தெரிந்த பேய்

'முதல் பாதி விறுவிறுப்பு. இரண்டாம் பாதியில் கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கலாம்.'

தூத்துக்குடியில் மாலைப் பத்திரிகை வாங்கிப் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வரியும் மனப்பாடம். இருபத்தாறு வருடம், வெள்ளிக்கிழமை தவறாமல், சினிமாப் பக்கத்தில் இதை எழுதியவன் நான்தான். குடும்பப் படம், சண்டைப் படம், சாமி படம் எல்லாவற்றுக்கும் இதே இரண்டு வரிதான். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக விமர்சனம் எழுத வந்திருக்கும் உங்களிடம் மறைத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அதை எழுதும்போது அந்த இரண்டாம் பாதிகளில் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை.

சிரிக்காதீர்கள். டைட்டில் ஓடும்போதே கைபேசியில் மதிப்பெண் போடுகிற உங்களுக்கு என்னைப் பார்த்துச் சிரிக்கிற யோக்கியதை கிடையாது. நானாவது பாதிப் படம் உட்கார்ந்தேன்.

காரணம் கேளுங்கள். காலைக் காட்சி பத்தரைக்கு ஆரம்பிக்கும். எங்கள் பக்கம் ஒன்றேகாலுக்கு அச்சுக்குப் போயாக வேண்டும். படம் முடியவே ஒரு மணியாகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சினிமாப் பக்கம் பார்த்த சீனியர், முதல் வெள்ளிக்கிழமையே என்னைக் கூப்பிட்டுத் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிட்டார். "இடைவேளையில எந்திரிச்சு வந்துரணும்வே. பின்பாதிக்கு இந்த வரியைப் போட்டுரு. எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்த டைரக்டரும் இல்லேன்னு சண்டைக்கு வரமாட்டான்."

மனிதர் சொன்னது அப்படியே பலித்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு இயக்குநர்கூடச் சண்டைக்கு வரவில்லை. ஒருவர் போன் போட்டு, "சரியாச் சொல்லிட்டீங்க சார், எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது" என்று நன்றி வேறு சொன்னார். அந்த சீனியர் பிறகு எங்கள் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் ஆனார். இப்படிப்பட்ட ஆளுக்குப் பதவி உயர்வு வராமல் வேறு யாருக்கு வரும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் இருக்கும்போது 'சிப்பிப் பேய் – பாகம் 2' என்று ஒரு படம் வந்தது. பேய்ப் படம், ஆனால் சிரிப்புப் படம். முதல் பாகம் இரண்டரை நாள் ஓடியது. மூன்றாம் நாள் மதியம் கரண்ட் போனதைச் சாக்காக வைத்து தியேட்டர்காரர்கள் தூக்கிவிட்டார்கள். அதற்கு எதற்கு இரண்டாம் பாகம் என்று தயாரிப்பாளரிடமே கேட்டேன். புதுக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி அவர். "ஒண்ணாவது ஓடலேன்னு யாருக்குத் தெரியும்? ரெண்டாவது வந்துட்டுன்னா ஒண்ணாவது ஓடுச்சின்னுதான ஊரு நினைக்கும்?" என்றார்.

இயக்குநர் ரோஸ்லின் என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கடற்கரைப் பக்கம் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவள். அது படத்திலும் தெரிந்தது. பேய் முதன்முதலாகத் திரையில் வரும்போது நாலு மூலையிலிருந்தும் ரோஜாப் பூ உதிர்ந்தது. கதாநாயகன் பயந்து அலறும் இடத்தில் அவன் முகம் இதய வடிவச் சட்டத்துக்குள் போய்ச் சுற்றியது.

முதல் பாதிக் கதை இவ்வளவுதான். கடற்கரை ஓரம் ஒரு பழைய லாட்ஜ். முத்துக்குளிக்கப் போய் மூச்சு முட்டிச் செத்த ஒருவனின் பேய் அங்கே சுற்றுகிறது. பேய் பிடிக்கிறேன் என்று நாலு பையன்கள் கேமராவோடு வந்து தங்குகிறார்கள். பேய் பறந்து பறந்து பயமுறுத்துகிறது. பறப்பதில்தான் சிக்கல். பேயின் இடுப்பில் ஒரு மஞ்சள் நைலான் கயிறு. நன்றாகத் தெரிகிறது. இடுப்பிலிருந்து நேராக மேலே போய்த் திரைக்கு வெளியே மறைகிறது. ஒரு காட்சியில், இரண்டு காட்சியில் என்றால் மன்னிக்கலாம். பேய் வந்த காட்சியில் எல்லாம் கயிறும் வந்தது. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ கொண்டாட்டம். விமர்சகனுக்கு நல்ல படத்தைவிட இப்படி ஒரு படம் கிடைப்பதுதான் விருந்து. இருட்டிலேயே கைபேசியில் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எழுதியதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். 'பேயைப் பார்த்துப் பயம் வரவில்லை, கயிறு அறுந்துவிடுமோ என்றுதான் பயம் வருகிறது. முத்துக்குளித்த காலத்தில் நைலான் கயிறு எந்தக் கடையில் விற்றது என்று இயக்குநர் சொன்னால் நாமும் வாங்கலாம். கயிற்றை மறைக்கக்கூடத் தெரியாதவர்கள் கேமராவைத் தொடாமல் இருப்பது கேமராவுக்கு நல்லது.' இதற்குக் கீழே வழக்கமான அந்த இரண்டு வரி. இடைவேளை விளக்கு எரிந்ததும் வெளியே வந்து ஆபீசுக்கு அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு டீ சொன்னேன்.

தியேட்டர் மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "பாத்து எழுதுங்க அண்ணாச்சி. நாளையில இருந்து பெரிய படம் ஒண்ணு கேக்குதாங்க. இத வைக்கதா தூக்கதான்னு உங்க பேப்பரப் பாத்துட்டு சாயங்காலம் சொல்லுதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. இங்கன தூக்கிட்டா இதுக்குப் போக்கிடம் இல்ல. தமிழ்நாட்டுலயே இந்த ஒரு தியேட்டர்லதான் ஓடுது."

அவருக்குப் பின்னால் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். முதல் நாள், அதனால் இருக்கும். என்னிடம் வந்து, "எப்டிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். நான் தொழில்முறையில் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "பாக்கலாம்மா" என்றேன். விமர்சனம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கைபேசி அப்போதுதான் காட்டியது.

டீயைக் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனால், அதற்குப் பின்னால் ஒரு வேன் வழியை அடைத்து நின்றது. ரோஸ்லினின் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரையும் ஏற்றிவந்த வேன் அது. டிரைவர் எங்கே என்றால், உள்ளே படம் பார்க்கிறான். அவனும் சொந்தக்காரன்தானாம். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. வெளியே நின்று கருவாடாவதைவிட உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்காரலாம் என்று திரும்பிப் போனேன். இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு படத்தின் பின்பாதிக்குள் கால் வைத்தேன். கலைத் தாகம் எல்லாம் ஒன்றுமில்லை, நிழல் தேடித்தான் போனேன்.

என் பக்கத்து இருக்கையில் மீன் மார்க்கெட்டில் வியாபாரத்தை முடித்துவிட்டு வந்த ஒரு அம்மா. மடியில் காலிக் கூடை. கயிறு தெரியும்போதெல்லாம் அவர்கள் சிரிக்கவில்லை, 'ச்சு' கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய ரசிகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பையன்களில் ஒருவன் பயந்து ஓடும்போது நின்று திரும்பிப் பார்க்கிறான். "ஏலே, இந்தக் கயிறு எங்கலே போவுது?" என்று கேட்கிறான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிறு அவர்களுக்கும் தெரிகிறது! கேமரா கயிற்றைப் பிடித்துக்கொண்டே மேலே போகிறது. ஜன்னல், மாடி, இன்னொரு மாடி, கடைசியில் லாட்ஜின் மொட்டை மாடி. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் கைவைத்த பனியனோடு, வெற்றிலை குதப்பிக்கொண்டு, தொந்தியும் தொப்பையுமாக இன்னொரு பேய். கயிற்றின் மறுநுனி அதன் கையில்.

தியேட்டரில் எழுந்த சத்தம் இருக்கிறதே! கூரையைப் பிய்த்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஆத்தூர்க்காரன். வெற்றிலைக் கொடிக்கால் தெரியும், கடல் தெரியாது. பக்கத்து அம்மாவிடம், "யாரும்மா அது?" என்று கேட்டேன்.

"மச்சான்" என்றார்கள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "முத்துக்குளிக்கப் போறவன் இடுப்புக் கயித்த பெண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். வேற யாரையும் நம்ப மாட்டாவ. தங்கச்சி தாலி அவன் கையிலலா இருக்கு? எங்க தாத்தாவுக்கெல்லாம் அப்படித்தான். இவன் என்னைக்கோ விட்டுட்டான் போல, பாவி."

அதேதான் கதை. படகில் உட்கார்ந்து கயிறு பிடித்த மச்சான், பீடி பற்றவைக்க ஒரு நிமிடம் கையை எடுத்தான். கீழே போனவன் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்து அப்படியே போய்விட்டான். மச்சான் பல வருடம் கழித்து வயதாகிச் செத்தான். செத்த அன்றைக்கே வந்து கயிற்றைப் பிடித்தவன்தான், இன்றுவரை விடவில்லை. பழைய கயிறு இற்றுப்போக, கடையில் நைலான் கயிறு திருடி மாற்றிக் கட்டியதையும் ஒரு காட்சியில் காட்டிவிட்டார்கள். முங்கினவன் பேயோ அவனோடு பேசுவதில்லை. மேலே ஒருத்தன் இருப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை. அவன் பறந்து போய் ஊரைப் பயமுறுத்துவதெல்லாம் மச்சானுக்குக் கை வலிக்கட்டும் என்றுதான்.

கடைசிக் காட்சியில் லாட்ஜை இடிக்க வண்டி வருகிறது. மச்சான் பேய் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, "மாப்ள, ஒரே ஒரு தடவ இழுத்துச் சொல்லு மாப்ள, தூக்கிருதேன்" என்று கெஞ்சுகிறது. கீழே இருக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். பிறகு மெதுவாகக் கை போகிறது. கயிற்றை ஒரே ஒரு தடவை இழுக்கிறான். அவ்வளவுதான். அந்தத் தொப்பைப் பேய் நாற்காலி கவிழ எழுந்து, அழுதுகொண்டே, மூச்சு வாங்க, கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை மேலே இழுக்கிறது. அந்த நேரம் பார்த்து நாலு மூலையிலும் ரோஜாப் பூ உதிர்கிறது. பக்கத்து அம்மா சிரிக்கவும் செய்தார்கள், கூடைக்குள் முகத்தை வைத்து அழவும் செய்தார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. பேய்ப் படத்துக்கு அழுதவன் என்று சொல்லிக்கொள்ள இப்போது எனக்குக் கூச்சமில்லை.

விளக்கு எரிந்ததும் மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது. நான் கேலி செய்ததே அந்தக் கயிற்றை வைத்துத்தான். சாயங்காலம் பேப்பர் வரும், முதலாளி படிப்பார், இந்தப் படம் இருந்த இடம் தெரியாமல் போகும்.

சத்தமில்லாத இடம் என்று பார்த்தால் ஆண்கள் கழிப்பறைச் சுவர் ஓரம்தான் கிடைத்தது. அங்கே நின்று, எனக்குத் தொழில் ரகசியம் சொல்லித்தந்த அதே ஆசிரியருக்குப் போன் போட்டேன். விமர்சனத்தை மாற்ற வேண்டும் என்றேன்.

"பக்கம் முடிஞ்சு போச்சுவே. பழுதாப் போன மெஷின வச்சுக்கிட்டு முழுசா மறுபடி போட முடியாது. கடைசி பத்தி ஒண்ணு மட்டும் மாத்தித் தாரேன். என்னாச்சு உமக்கு?"

"பின்பாதியப் பாத்துட்டேன்."

"எதுக்குவே பாத்தீரு?" என்றார். நிஜமான வருத்தத்தோடு கேட்டார்.

வேனைப் பற்றிச் சொன்னேன். படம் நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். "அப்ப கடைசியில 'மொத்தத்தில் பார்க்கலாம்'னு போட்டுட்டு ஆள விடும்" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிதானித்துக் கேட்க வேண்டும். ஆசிரியர் சொன்னதுதான் சுலபமான வழி. யாருக்கும் நஷ்டமில்லாத மாதிரித் தோன்றும். ஆனால் மேலே நான் எழுதிய கேலி அப்படியே இருக்கும். கேமராவைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, கீழே பார்க்கலாம் என்றால் எவன் பார்ப்பான்? முதலாளி மேலே உள்ளதைப் படித்துவிட்டுப் படத்தைத் தூக்கிவிடுவார். கேலியை அழிக்க முடியாது. அது தப்பு என்று சொல்ல வேண்டுமென்றால், எப்படித் தப்பாயிற்று என்றும் சொல்லியாக வேண்டும். அதைச் சொன்னால் இருபத்தாறு வருடத்துக் குட்டு வெளிப்பட்டுவிடும். ஓய்வு பெறுகிற நேரத்தில் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். உண்மையைச் சொல்கிறேன், ரோஸ்லினைவிட என் மானத்தைப் பற்றித்தான் அதிக நேரம் யோசித்தேன். எதிரே தியேட்டர் வாசலில் அவள் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனில் பேசுவதைப் பார்த்ததும் கும்பிட்டாள். அவளைப் பாராட்டிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டாள், பிள்ளை.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "உள்ளதச் சொல்லி எழுதப்போறேன்" என்றேன் ஆசிரியரிடம்.

"உம்ம பேர மட்டும் போட்டுக்கிடும்" என்றார். "என்னையும் இதுல இழுத்தீருன்னா, நடக்கிறதே வேற."

கழிப்பறைச் சுவரில் சாய்ந்துகொண்டு எழுதினேன். 'மேலே உள்ளதை இடைவேளையிலேயே எழுதி அனுப்பிவிட்டேன். பின்பாதியை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். கயிறு எங்கே போகிறது என்று தெரியாமல் கேலி செய்தது என் குற்றம். இத்தனை வருடமும் இடைவேளையோடு எழுந்து வந்தே எழுதியிருக்கிறேன். நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். உட்கார்ந்து முழுப்படத்தையும் பாருங்கள்.' ஒன்று பன்னிரண்டுக்கு அது போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். முதலாளி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டதாம். "கிடக்கட்டும், இன்னும் ரெண்டு நாளு ஓட்டு" என்று சொல்லிவிட்டாராம். சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம். பாதிப் பேர் படம் பார்க்க, மீதிப் பேர் நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று பார்க்க. இடைவேளை முடிந்த பிறகு டிக்கெட் எடுத்து உள்ளே போனவர்களும் உண்டு. என் எழுத்தில் அவ்வளவு நம்பிக்கை! இரண்டு நாள் என்று வைத்த படம் பத்து நாள் ஓடியது.

திங்கட்கிழமை ரோஸ்லின் ஒரு பெட்டி முந்திரி மக்ரூனோடு ஆபீசுக்கு வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்க மொதல்ல எழுதுனதும் சரிதான். கயிறு தெரிஞ்சது தப்புதான். பேயா நடிச்சது எங்க வீட்டுக்காரரு. அந்தரத்துல தொங்கணும்னதும், 'ஒங்க அண்ணன் கயித்தப் பிடிச்சாத்தான் தொங்குவேன்'னு ஒத்தக்கால்ல நின்னாரு. அண்ணன் துறைமுகத்துல இருந்து கையில கிடைச்ச கயித்தக் கொண்டாந்துட்டான். பொறவு பாத்தா எல்லா சீன்லயும் மஞ்சளாத் தெரியுது. ஒருத்தன் கம்ப்யூட்டர்ல அழிச்சுத் தாரேன்னான். கயித்தோட சேத்து எங்க வீட்டுக்காரரு இடுப்பையும் அழிச்சுட்டான். சரி, கயிறு இருந்துட்டுப் போவுது, மேல ஒரு ஆள உக்கார வைப்போம்னு அதுக்கப்புறந்தான் பின்பாதியையே எழுதுனேன்."

இவளையா கேமராவைத் தொடாதே என்றேன்!

நான் பெருமைப்படலாம் என்று நினைத்த நாள் அதுதான். அதைக் கெடுக்க மறுநாளே ஒரு போன் வந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவராம். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவரும் ஒரு படம் எடுத்தாராம். பெயரைச் சொன்னார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை.

"ஒரே நாளுல தூக்கிட்டாங்கண்ணாச்சி. பின்பாதி வேகமில்லன்னு நீங்க எழுதியிருந்தீய. அதுக்கப்புறம் நான் கேமரா பக்கமே போகல. இப்ப பேப்பரப் பாத்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எம் படத்துக்கும் இடைவேளையிலயே எந்திரிச்சுப் போயிட்டீயளா?"

அவர் சத்தம் போட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டார். ஆமாம் என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் நானே அவரைக் கூப்பிட்டு, படம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடிப் போனேன். முத்தையாபுரம் பக்கம், ஒற்றை அறை வீடு. மனைவி வெந்நீர் மாதிரி ஒரு காபியை டங்கென்று வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள். அவள் கோபம் நியாயம். அவர் டிவியில் படத்தைப் போட்டுவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்காராமல் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். திரையை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இடைவேளை என்று எழுத்து வந்தபோது நான் அசையவில்லை.

படம் முடிந்தது. "எப்டி அண்ணாச்சி?" என்றார்.

பாராட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அங்கே உட்கார்ந்து பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்த ஆஸ்பத்திரி சீன் ரொம்ப நீளம் தம்பி. அண்ணன் தம்பி பஞ்சாயத்து ரெண்டு தடவ வருது, ஒண்ண வெட்டியிருக்கணும். ஆனா கடைசியில அந்தப் பொம்பள பஸ்ஸுல இடம் இருந்தும் உக்காராம நின்னுக்கிட்டே போறா பாத்தீரா, அது எனக்குப் பிடிச்சுது" என்றேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்:

"ஏளா, அண்ணாச்சி முழுசும் பாத்துட்டாரு. சோறு எடுத்து வை."